அம்மணி கேட்கிறேன்

விழுப்புரம்
12—2—1941

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: புதுச்சேரி பிடில் வித்துவான் நடராசன், அவரோடு வந்த மிருதங்கக்காரர் பச்சைமுத்து, காது குத்த வந்த தட்டார், பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள், தாய்மாமன் இல்லாத குறைக்குப் பேத்தியைத் தன் மடியில் வைத்துக்கொண்ட ராஜாமணியின் தாத்தா, காது குத்தியதும் கதறின ராஜாமணி, நீங்கள், நான். சமையற்கட்டில் அம்மணி. ஒன்பது பேர். ஏழு வருஷம் ஆகிறது. யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டாலும் சொல்லுவேன்.

மாப்பிள்ளை சக்கரபாணி அவர்களுக்கு மாமியார் லட்சுமியம்மாள் எழுதுவது. என் கூடப் பிறந்த தம்பிக்கே என் பெண்ணைக் கட்டிக் கொடுத்தேன். தம்பி என்று எழுதக் கை வரவில்லை. அதனால் மாப்பிள்ளை முறை வைத்து எழுதுகிறேன். க்ஷேமம் விசாரித்து எழுதுவது வழக்கம். நான் விசாரிக்கவில்லை.

அம்மணி வறுத்த மல்லாட்டையை முறத்தில் தோல் போகப் புடைத்துக்கொண்டே "ஏரி நிறைந்தும் என் குடம் நிறையாதோ" பாட்டைப் பாடினாள். பனமலை ஏரியைப் பார்த்துவிட்டு வந்தபோது அவளுக்குத் தோன்றிய பாட்டு. ஆனந்தபைரவி என்று ராகத்துக்குப் பெயர் சொன்னது மட்டும்தான் நீங்கள். நடராசன் காபி தம்ளரைக் கீழே வைத்தார். "இது யாரு கட்டின பாட்டுங்க? நான் எங்கியும் கேட்டதில்லையே" என்றார்.

"நம்ம சக்கரபாணி கட்டினதுங்க" என்று ஒரு குரல் சொல்லிற்று. யார் குரல் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மறு மாசமே உங்களைப் புதுச்சேரிக்கு அழைத்துப் பாட வைத்தார். பஜனை மடத்தில் ஜால்ரா தட்டிக்கொண்டிருந்த கூட்ஸ் ஷெட் கிளார்க், கீர்த்தனை கட்டுகிறவர் ஆகிவிட்டீர்கள்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் அவள் கட்டினாள், நீங்கள் பாடினீர்கள். பதினோரு பாட்டு. முப்பத்தேழாம் வருஷம் விஷ ஜுரத்தில் அவள் போய்விட்டாள். பெண் குழந்தை என்னிடம் வந்தது. பாட்டுகள் உங்களிடம் தங்கிவிட்டன.

பாட்டு கட்டுகிறவர்கள் கடைசி அடியில் தங்கள் பெயரை வைப்பது வழக்கம். முத்திரை என்பீர்கள். அவளும் வைத்தாள். பதினோரு பாட்டிலும் "அம்மணி கேட்கிறேன்" என்றுதான் கடைசி அடி முடிகிறது. நான், அம்மணி, கேட்கிறேன் என்று பொருள். சபையில் இருக்கிறவர்களோ, நீங்கள் அம்பாளைப் பார்த்து, அம்மணி, கேட்கிறேன் என்று வேண்டிக்கொள்வதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

ரயிலில் மல்லாட்டை விற்கிற பூமாலை நேற்று வந்து, "உங்க தம்பி பாட்டெல்லாம் புக்கு போடப் போறாங்களாம் பெரிம்மா. திண்டிவனமே பேசிக்கினு இருக்குது" என்றாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். முதல் பக்கத்தில், இந்தப் பாட்டுகளைக் கட்டியவள் விழுப்புரம் லட்சுமியம்மாள் மகள் அம்மணி என்று அச்சடிக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

லட்சுமியம்மாள்

* * *

திண்டிவனம்
3—3—1941

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. மாசி பிறந்ததிலிருந்து ஓயாமல் கச்சேரி. புதுச்சேரியில் இரண்டு, ஓமந்தூரில் ஒரு கல்யாணம், பிறகு மதராஸ் ரேடியோவில் அரை மணி. தொண்டை கட்டிப் படுத்திருந்தேன்.

நீ என்னை "நீங்கள்" என்று எழுதியதைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. தாயில்லாத என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நீ.

அவள் பெயரை மறைத்துவிட்டேன் என்கிறாய். ஊரில் எந்த ஆண்பிள்ளை நாலு பேர் எதிரில் பெண்டாட்டி பெயரைச் சொல்கிறான்? "ஏமே", "தே" என்று கூப்பிடுகிற ஊர் இது. நான் ஆயிரம் பேருக்கு முன்னால் ஒவ்வொரு பாட்டிலும் அவள் பெயரை வாய் நிறையச் சொல்கிறேன். ஜனங்கள் அம்பாள் என்று நினைத்தால் அது அவளுக்குக் குறைவா?

அந்தக் குரலைப் பற்றி எழுதியிருக்கிறாய். எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். நடராசனிடம் அப்படிச் சொன்னது நீதான், அக்கா. நான் வாயே திறக்கவில்லை.

புத்தகம் நிச்சயமில்லை. கதர்க் கடைக்காரர் ஒருவர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

சக்கரபாணி

* * *

விழுப்புரம்
9—3—1941

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆமாம், சொன்னது நான்தான். எனக்குத் தெரியாததைப் புதிதாகக் கண்டுபிடித்தது போல எழுதியிருக்கிறீர்கள். வாயே திறக்கவில்லை என்று வேறு பெருமை. திறந்திருக்க வேண்டும்.

ஏன் சொன்னேன் என்று எழுதுகிறேன். நடராசன் கேட்டதும் கோவிந்தம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு முதல் வாரம்தான் கிணற்றடியில், "உம் பொண்ணு ராகம் போட்டு இழுக்குறா பாரு, கோயில்ல பொட்டு கட்டினவளுக்குக் கூட இவ்ளோ வராது" என்று எல்லோர் எதிரிலும் சிரித்தாள். பயிர் வைக்கிற குடும்பம் நாம். என் பெண் கட்டின பாட்டு என்று ஆண்பிள்ளைகள் நடுவில் சொன்னால், அதை வித்துவான் புதுச்சேரியில் போய்ச் சொன்னால், ராஜாமணியைப் பிற்பாடு யார் கேட்டு வருவார்கள்? அது பயம். பயம் மட்டும் இல்லை. உங்களைப் பெரிய ஆளாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இரண்டும் சேர்ந்து என் வாயில் வந்துவிட்டது.

என் பொய் ஒரு நிமிஷத்துப் பொய். உங்களது ஏழு வருஷமாகக் கச்சேரி செய்துகொண்டிருக்கிறது.

ரேடியோ கேட்டேன். ஜங்ஷன் எதிரில் காபி கிளப்பில் வைத்திருக்கிறார்கள். பொம்பிளைகள் உள்ளே போவதில்லை. பூமாலையும் நானும் வாசலில் நின்றோம். கிளப்காரன், "என்னா ஆயா, உள்ளதான் வாயேன், வெய்யில்ல நின்னுக்கினு" என்றான். "எந்தம்பி பாட்டுடா, எங்க நின்னா என்ன" என்றேன். வாய் தவறித் தம்பி என்று வந்துவிட்டது.

நான்கு பாட்டுப் பாடினீர்கள். மூன்று அவளுடையது. நான்காவது யாருடையது? கடைசியில் "அம்மணி" என்று வைத்திருந்தீர்கள். அது அவளுடையது இல்லை. அம்மணி பாட்டு தாளம் விழும்போதே கிளம்பாது. முறத்தை ஒரு தட்டுத் தட்டி, ஒரு மூச்சு விட்டு, அதற்குப் பின்னால்தான் எடுப்பாள். மல்லாட்டையும் தோலும் பிரிகிற நேரம் அது. உங்கள் நான்காவது பாட்டு தாளத்தோடு தலையை முட்டிக்கொண்டு கிளம்புகிறது. நீங்கள் கட்டினதை அவள் பெயரில் விற்காதீர்கள்.

காபி கிளப்பில் இருந்தவர்கள் அந்த நான்காவதுக்குத்தான் ஆகா ஆகா என்றார்கள்.

லட்சுமியம்மாள்

* * *

திண்டிவனம்
20—4—1941

அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ சொன்னது சரி. நான்காவது என்னுடையது. அவள் பாட்டு பதினொன்றும் எல்லோரும் கேட்டாகிவிட்டது. "புதுசா என்னா கட்டியிருக்கீங்க?" என்று போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள். இதுவரை ஆறு கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்காக உட்கார்ந்தேன். அவள் அரைப் படி மல்லாட்டை புடைக்கிற நேரத்தில் பல்லவி முடித்துவிடுவாள். எனக்கு வரவில்லை, அக்கா. முத்திரைக்கு என் பெயரை வைத்துப் பார்த்தேன். தாளத்தில் உட்காரவில்லை. அவள் பெயரையே வைத்தேன்.

அந்த ஆறையும் கேட்டு ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. போன மாதம் ஒரு பத்திரிகையில், "இவருடைய சமீபத்திய கீர்த்தனங்களில் முந்தியவற்றைவிடப் பக்குவம் கூடியிருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுக் கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். எது அவளுடையது எது என்னுடையது என்று இந்த ஜில்லாவில் தெரிந்த ஒரே ஆள் நீ. நீ காபி கிளப் வாசலில் நிற்கிறாய்.

புத்தகத்தில் அவள் பதினொன்று மட்டும் வரும். என்னுடையவை வராது. முன்னுரையை நானே எழுதுகிறேன். நீ கேட்ட வரியை அப்படியே போடுகிறேன். இது சத்தியம்.

சக்கரபாணி

* * *

விழுப்புரம்
15—5—1942

தம்பிக்கு,

போன ஐப்பசியில் ராஜாமணியின் தாத்தா காரியத்துக்கு வந்திருந்தாய். மூன்று நாள் பந்தலில் நின்றாய். நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். பேசினால் அழுகை வந்துவிடும் என்று பேசவில்லை.

குண்டு விழும் என்று பயந்து மதராஸ் ஜனங்கள் இங்கே வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டிலேயே இரண்டு குடும்பம். அவர்களில் ஒரு அம்மாள், உன் கச்சேரியை மதராசில் கேட்டிருக்கிறாளாம். "அந்த அம்மணி பாட்டுன்னா எனக்கு உசிரு. எந்த ஊரு அம்மனுங்க அது?" என்று கேட்டாள். விழுப்புரத்து அம்மன்தான் என்றேன். வேறு என்ன சொல்ல.

புத்தகம் எந்த மட்டில் இருக்கிறது? வரி இப்படி இருக்கட்டும்: இந்தப் பதினோரு கீர்த்தனங்களையும் கட்டியவள் விழுப்புரம் அம்மணி. லட்சுமியம்மாள் மகள் என்பது வேண்டாம். என் பெயர் அதில் வருவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று யோசித்துப் பார்த்தேன்.

ராஜாமணி இரண்டாங் கிளாஸ் தேறிவிட்டாள்.

அக்கா

* * *

திண்டிவனம்
22—8—1943

அக்காவுக்கு,

புத்தகம் தனியாகத் தபாலில் வருகிறது. அதற்கு முன் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும் என்று இன்றே போடுகிறேன்.

காகிதக் கட்டுப்பாடு. அறுபத்து நாலு பக்கம் என்று ஆரம்பித்தது, முப்பத்திரண்டில் நின்றுவிட்டது. பாட்டைக் குறைக்க முடியாது என்று முன்னுரையை எடுத்துவிட்டார்கள்.

அது மட்டும் இல்லை. பிழை பார்த்தவர் தமிழ்ப் பண்டிதர் விருத்தாசலம். நல்ல மனிதர், காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்தார். "அம்மணி என்பது பேச்சு வழக்கு. அம்பாளை விளிக்கும்போது அம்மனே என்றுதான் வரவேண்டும்" என்று பதினோரு இடத்திலும் திருத்தியிருக்கிறார். எழுத்துப் பிழை என்று நினைத்துவிட்டார்.

நான் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொல்லலாம். பார்த்தேன். புரூப் என் கைக்கு வந்தது. அவர் எதிரிலேயே உட்கார்ந்து படித்தேன். இது பிழை இல்லை ஐயா, பெயர் என்று சொல்ல வேண்டும். யார் பெயர் என்று கேட்பார். என் சம்சாரம் பெயர் என்று சொல்ல வேண்டும். உங்கள் பாட்டில் அவர்கள் பெயர் ஏன் என்று கேட்பார். அதுவரைக்கும் மனசுக்குள்ளேயே கேள்வியும் பதிலுமாகப் போனேன். அதற்கு மேல் போகவில்லை. "சரிங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

சத்தியம் செய்தது எனக்கு நினைவு இருக்கிறது.

சக்கரபாணி

* * *

விழுப்புரம்
2—9—1943

சக்கரபாணிக்கு,

புத்தகம் வந்தது. அட்டையில் உன் படம் நன்றாக இருக்கிறது.

ராஜாமணி அதைப் பார்த்துக்கொண்டு, "அம்மனே கேட்கிறேன்" என்று பாடுகிறாள். அம்மணிடி, உன்னைப் பெத்தவ பேருடி என்றேன். "போ ஆயா. புக்குல அம்மனேன்னுதான் போட்டிருக்குது. வாத்தியாரம்மாகூட அப்படித்தான் பாடினாங்க. நீதான் தப்பா சொல்லிக்கினு இருக்குற" என்றாள். நாலு வயசில் தாயைப் பறிகொடுத்த பெண். அவளுக்குத் தாய் முகமும் நினைவில்லை. பெயர் ஒன்று இருந்தது. அதையும் பண்டிதர் பிழை என்று அடித்துக் கொடுத்துவிட்டார், நீ சரிங்க என்றாய்.

அச்சில் போனது போகட்டும். அடுத்த கச்சேரியில், திண்டிவனத்தில், உன் ஊர் ஜனங்கள் எதிரில், மேடையில் ஏறி வாயால் சொல். இது நான் கட்டினது இல்லை, என் பெண்டாட்டி அம்மணி கட்டினது என்று சொல். ஒரு தடவை சொன்னால் போதும். அதற்கப்புறம் நான் உனக்கு எழுத மாட்டேன்.

லட்சுமியம்மாள்

* * *

திண்டிவனம்
11—3—1944

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

மாசி மகத்துக்கு முதல் நாள் கச்சேரி. முன் வரிசையில் புத்தகம் போட்டவர், பண்டிதர், தாலுகா ஆபீசர்கள். பிடிலுக்கு நடராசனே வந்திருந்தார். வயதாகிவிட்டது, ஆனாலும் எனக்காக வந்தார். "ஏரி நிறைந்தும்" முடிந்ததும் நான் எழுந்து நின்றேன்.

"இந்தப் பாட்டெல்லாம் நான் கட்டினதில்லீங்க. எங்க வீட்ல இருந்த அம்மணி கட்டினது. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ குடுத்தா, நான் பாடினேன். அவ்ளோதாங்க" என்றேன். வார்த்தைக்கு வார்த்தை இதுதான்.

முன் வரிசையில் ஒருவர், "ஆகா! எல்லாம் அம்பாள் குடுத்ததுன்னு சொல்றாரு பாருங்க!" என்றார். கொட்டகை முழுக்கக் கைதட்டல். "அம்பாள் இல்லீங்க, என் பெண்டாட்டி! என் பெண்டாட்டிங்க!" என்று கத்தினேன். "கட்டினவளையே தெய்வமா பாக்குறாருய்யா!" என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். பண்டிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடராசன் பிடிலைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு, "அன்னிக்கு விழுப்புரத்துல தலைய குனிஞ்சியே, அதே அடக்கம் இன்னும் போவலியேடா உனக்கு" என்றார்.

கீழே யாரோ மாலை எடுத்துவரச் சொன்னார்கள். எடுத்து வந்தார்கள். போட்டுக்கொண்டேன்.

பத்திரிகையில் வந்ததைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். ராஜாமணியைப் படிக்கச் சொல்லாதே, நீயே எழுத்துக் கூட்டிப் படி. "தம் சாகித்தியங்கள் அனைத்தும் தம் இல்லத்தில் எழுந்தருளியுள்ள அம்பிகையின் அருளே எனப் பணிவுடன் உரைத்தார்" என்று இருக்கும்.

இனிமேல் நான் எப்படிச் சொன்னாலும் அது எனக்குத்தான் மாலையாக வரும். எனக்கு வழி தெரியவில்லை.

இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு ஆறுதலாக இருக்கும். ஜுரம் முற்றின அன்று மத்தியானம் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. உன் பாட்டு என்று எல்லோருக்கும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "வுடு மாமா. அம்மா அன்னிக்குப் பயந்துக்கினு சொல்லிடுச்சி. எனக்கு அப்பவே தெரியும். அது மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீயும் மனசுல வச்சிக்காத. பாட்டு போவுதில்ல, போதும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் நம் இரண்டு பேரையும் மன்னித்துவிட்டாள், அக்கா. நாமும் விட்டுவிடுவோம்.

சக்கரபாணி

* * *

விழுப்புரம்
19—3—1944

தம்பி சக்கரபாணிக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னேன். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

கத்தரித்து அனுப்பினதைப் படித்தேன். உன் மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. சொல்லச் சொன்னேன், சொன்னாய். ஜனங்கள் காதில் ஏறவில்லை. ஆயிரம் பேரிடம் கத்தியும் நடக்காதது இனி நடக்காது. அந்தப் பெயரைப் பண்டிதர் அழித்தது பாதி, நீ உரக்கச் சொல்லி அழித்தது மீதி. பண்டிதர் மேலும் கோபம் இல்லை. அவர் படித்த படிப்புக்கு அவள் பெயர் பிழையாகத்தான் தெரியும். ராஜாமணி எப்படிப் பாடினாலும் இனிமேல் நான் திருத்தப் போவதில்லை.

ஆறுதல் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பின்பு இரண்டு நாள் நான் உலை வைக்கவில்லை.

அவளுக்கு அப்போதே தெரியும் என்கிறாயே. நான் பயந்ததைச் சமையற்கட்டிலிருந்தே பார்த்துவிட்டாளா? பார்த்துவிட்டும் மூன்று வருஷம் இந்த வீட்டுக்கு வந்து போனாள். தலை பின்னச் சொல்லி என் எதிரில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கேழ்வரகுக் களியில் உப்பு இல்லை என்பதற்கு அரை நாள் சண்டை போடுகிறவள், இதற்கு ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. ஏம்மா அப்படிச் சொன்னே என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். நான் அதே வாரம் புதுச்சேரிக்கு ரயில் ஏறி நடராசன் வீட்டு வாசலில் நின்று, ஐயா நான் பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருப்பேன். கோவிந்தம்மாள் சிரித்தால் சிரிக்கட்டும் என்று போயிருப்பேன். போயிருப்பேனா என்று நீ கேட்பாய். தெரியாது. போக மாட்டேன் என்றாவது அவளிடம் சொல்லியிருப்பேன். அது எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்திருக்கும்.

அவள் செத்ததிலிருந்து ஏழு வருஷம், அவள் என் மேல் கோபத்தோடுதான் போனாள் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லத்தான் உன்னோடு இத்தனை சண்டை போட்டேன், காபி கிளப் வாசலில் நின்றேன், மூன்றாங் கிளாஸ் படித்த கையால் இவ்வளவு எழுதினேன். அங்கே கோபமே இல்லையாம். விடு என்றாளாம். பாட்டை விடு, பெயரை விடு, அம்மாவை விடு. யாரைக் கேட்டுக்கொண்டு விட்டாள்? நான் மன்னிப்புக் கேட்கவே இல்லையே. கேட்காத எனக்குக் கொடுத்துவிட்டு, அதையும் என்னிடம் சொல்லாமல், சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இனி நான் யாரிடம் போய்க் கேட்பது?

எல்லோரையும் விட்டுவிட்டேன். கோவிந்தம்மாளைக்கூட. ஒருத்தியை மட்டும் இந்தக் கட்டை வேகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். என் மகள் அம்மணியை.

லட்சுமியம்மாள்